மந்திரியின் பேர் நனைந்தால்

பரந்தன் சந்தியில் முரசுமோட்டை பஸ் ஆட்களுக்காகக் காத்து நின்றது. எனக்கு முன்னால் இருந்த பெண், மண்வெட்டியோடு ஏறியவரிடம் கேட்டாள்.

"அண்ணை, மந்திரி இண்டைக்கு எதுமட்டும் தண்ணிக்குள்ள நிக்கிறார்?"

"பேர் உள்ளுக்குப் போயிட்டுது, தங்கச்சி. மேல பட்டம் மட்டும் தெரியுது."

"அப்ப பின்னேரம் என்ர வயலுக்குத் தண்ணி ஏறிடும். பயிர் தப்பிச்சுது."

பக்கத்தில் குடையோடு இருந்த வேட்டிக்காரர் திரும்பினார். "ஆரைச் சொல்லுறியள்?"

"வாய்க்காலைத் திறந்த மந்திரியின்ர கல்லைச் சொல்லுறன், ஐயா. வாய்க்காலின்ர உள்சுவரில பதிச்சிருக்கு. அதில அவற்ற பேர் நனைஞ்சால்தான் கடைசி வயலுகளுக்குத் தண்ணி வரும்."

"கோடையில திறந்தவை," என்றார் மண்வெட்டிக்காரர். "காய்ஞ்ச வாய்க்காலுக்குள்ளேயே பந்தல் போட்டு, கதிரை வைச்சு, மாலையும் போட்டவை. அதுக்குள்ள தண்ணி வருமெண்டு ஒருத்தரும் நினைக்கேல்லை."

வேட்டிக்காரர் குடையை மற்றக் கைக்கு மாற்றினார். "கல்லுக்கு இடம் பாத்தது நான்தான். அண்டைக்கு எல்லாருக்கும் வடிவாத் தெரிஞ்சது."

பிறகு அவரே தொடர்ந்தார். "அடுத்த மாதம் கழட்டி றோட்டுக்கரையில உயர்த்தி வைக்கப்போறம். மந்திரியும் வாறார்."

பெண்ணின் முகம் மாறியது. "அப்ப எங்களுக்கு?"

"நீங்களும் றோட்டில நிண்டு பாக்கலாம்தானே."

"அதைச் சொல்லேல்லை, ஐயா. கல்லைக் கழட்டேக்குள்ள, பேர் இருந்த இடத்தில ஒரு கோடு கீறிவிடுங்கோ. எங்களுக்கு அது காணும்."