சலாம் சொன்னவர்கள்

— கத்தாத ஜுஹைர். வாதி ஆத்தங்கரை முழுக்க வெள்ளம், நம்ம உதவி மையத்துக்கு மட்டும் ஏன் ஒண்ணு ரெண்டு மெசேஜுக்கு மேல வரலன்னா நான் என்ன பண்ண?

— வந்திருக்கு ரஹ்மா. குப்பையில கெடக்கு. பெருநாள் வாழ்த்தைத் தள்ள ஒரு ரெஜெக்ஸ், அதான் வடிகட்டுற விதி, எழுதினோமே... முதல் வரி சலாம், அடுத்த வரி வாழ்த்து. வரி மாறுற இடத்துக்கு ஒரு சாய்கோடு, ஒரு 'என்'. இப்ப அந்த ரெண்டையும் காணோம்.

— காணோம்னா?

— விதிப் பட்டியல்ல எழுதும்போது நிஜமாவே வரி உடைஞ்சு விழுந்திருக்கு. ஒரு விதி ரெண்டாயிடுச்சு. மேல வெறும் சலாம், கீழ வெறும் வாழ்த்து. இனிமே சலாம்னு எவன் ஆரம்பிச்சாலும் குப்பைதான்.

— யா ரப்பீ... கழுத்தளவு தண்ணியில நின்னாலும் நம்ம ஆளுங்க சலாம் சொல்லி, வீட்ல சுகமான்னு கேட்டுட்டுத்தானே விஷயத்துக்கே வருவாங்க!

— வல்லாஹி, மூணு நாளா மரியாதை தெரிஞ்ச ஒருத்தனுக்கும் படகு போகல. எந்த மடையன் இதுல கை வச்சான்?

— நான்தான்.

— நீயா?

— துனிஸ்லேருந்து அதிகாரிங்க வந்தாங்கல்ல... திரையில சாய்கோடா தெரிஞ்சுது, அசிங்கமா இருந்துச்சு. அழகா பிரிண்ட் ஆகட்டும்னு மாத்தினேன். விதிப் பட்டியலை எழுதுறதும் புரோகிராம்ல அதே ஃபங்ஷன்தான்னு மறந்துட்டேன்டா.

— சரி, அழாத. குப்பையைத் திறக்கறேன். நானூத்திப் பன்னெண்டு மெசேஜ்... ரஹ்மா, உங்கப்பா பேரு ஹம்திதானே? உனக்கு போன் பண்ணலையா அவரு?

— நான்தான் பண்ணாதீங்கன்னேன். மையத்து நம்பருக்கே போடுங்க, உடனே பாப்பேன்னேன். படிடா!

— 'சலாம் பிள்ளைங்களா, தொந்தரவுக்கு மன்னிக்கணும். நான் ஹம்தி, பக்கத்து வீட்டு மொக்தார் போன்லேருந்து. தண்ணி ஜன்னலுக்கு வந்துடுச்சு.' அடுத்தது... 'சலாம். கூரைக்கு ஏறிட்டோம். ரஹ்மா, அவசரமில்லம்மா, மத்தவங்களை முதல்ல பாரு.'

— அப்புறம்?

— அவ்ளோதான். குப்பையில அந்த நம்பர்லேருந்து வேற இல்ல.

— கடைசி நாலு எண் சொல்லு.

— ஏழு ஒண்ணு ஒண்ணு மூணு. ஏன், தெரியுமா?

— நேத்து அந்த நம்பர்லேருந்து நம்ம இன்பாக்ஸுக்கே ஒண்ணு வந்துச்சு ஜுஹைர். சலாம் இல்ல, பேரு இல்ல, ஒரே வரி. 'இனி யாரும் வர வேண்டாம்'னு. யாரோ தப்பிச்சுட்டாங்கன்னு சந்தோஷமா நான்தான்டா 'முடிஞ்சது'ன்னு பச்சைக் குறி போட்டேன்.