இனிப்பா இருக்கு, இறங்கு

அந்த நாற்காலி வேண்டாம் ஐயா, ஒரு கால் ஆடும். அடுப்புப் பக்கம் இருப்பதை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். நாய் ஒன்றும் செய்யாது. அது என் தம்பி லாக்லனின் நாய். அவன் போன பிறகு அது யாரைப் பார்த்தும் குரைப்பதில்லை. தபால்காரரைக்கூட விட்டுவிடுகிறது.

படகேறி இந்தத் தீவுக்கு இவ்வளவு தூரம் உங்களை வரவழைத்ததற்கு மன்னிக்க வேண்டும். போன கோடையில் தம்பி செத்தது விபத்து என்று போலீஸ் அறிக்கையில் நீங்கள்தான் எழுதி முடித்தீர்கள். நல்ல மனதோடு எழுதினீர்கள். அதில் ஒரு திருத்தம் இருக்கிறது, அவ்வளவுதான்.

எங்கள் அம்மா லாக்லனைப் பெற்ற கையோடு கண்ணை மூடிவிட்டாள். அப்பாவுக்கு வயலையும் விஸ்கியையும் தவிர வேறெதுவும் தெரியாது. அவனைக் குளிப்பாட்டி, நடக்க வைத்து, பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டது எல்லாம் நான். சொந்த பார்லியை விதைத்து, முளைகட்டி, காயவைத்து, சொந்தச் செப்பு அண்டாவில் வடித்து, பீப்பாயில் அடைத்து வருடக்கணக்காகக் காத்திருக்கிற வீடு இது. நல்ல பொருளைப் பூட்டி வைத்தால்தான் நன்றாக வரும் என்று இங்கே குழந்தைக்கும் தெரியும். ஊறல் போடுவது என் வேலை, வடிப்பது அவன் வேலை. அவன் மூக்கு இல்லையென்றால் எங்களுடையது வெறும் சாராயம் என்று தீவில் எல்லோரும் என் முகத்துக்கு நேராகவே கிண்டல் செய்வார்கள். எனக்குப் பெருமையாக இருக்கும்.

வாலிபத்தில் ஒருமுறை அவனுக்கு கிளாஸ்கோ நகரத்தில் வேலை கிடைத்தது. கிளம்புவதற்கு முன்பு பரணில் ஏறியபோது ஏணிப்படி கழன்று விழுந்து கால் ஒடிந்தது. ஆணியைப் பிடுங்கி வைத்தவன் நான்தான். அவன் அதைப் பற்றி என்னிடம் கேட்டதே இல்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க நானே அவனுக்குக் கஞ்சி ஊட்டினேன். ஒடிந்தது கால்தான், கை நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் ஊட்டினேன். அவனும் சிரித்துக்கொண்டு வாயைத் திறந்தான். எங்கள் வாழ்க்கையில் அதைவிட நல்ல காலம் வந்ததில்லை. வேலை வேறு ஒருவனுக்குப் போய்விட்டது.

பிறகு எஃபியைக் கட்டிக்கொண்டான். அதிலும் எனக்கு வருத்தமில்லை, இங்கேதானே இருந்தார்கள். போன கோடை முடியும் சமயத்தில் ஒருநாள் ஊறல் கொட்டகைக்கு வந்து என் பக்கத்தில் நின்றான்.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும். கோச்சுக்கக் கூடாது."

"என்ன, பீப்பாய் ஒழுகுதா?"

"பீப்பாய் இல்ல. நானும் எஃபியும் டாஸ்மேனியா போறோம். அவ மாமா அங்க பார்லி போட்டிருக்காரு. விஸ்கி வடிக்க ஆள் வேணுமாம்."

"ஏன், இங்க விளையாத பார்லியா அங்க விளையுது?"

"பார்லி இல்லண்ணே. முப்பத்தஞ்சு வயசாச்சு, இன்னும் என் கஞ்சிக்கு நீதான் உப்பு போடுற. கதவத் தட்டாம ரூமுக்குள்ள வர்ற. எஃபி முழுகாம இருக்கா. பொறக்கப்போறதையாவது நானே வளர்க்கிறேனே."

"வளர்த்துக்க. நான் வேணாம்னா சொன்னேன்?"

"வெள்ளிக்கிழமை படகு" என்றான். என் தோளைத் தட்டிவிட்டு, நான் நல்லபடியாக எடுத்துக்கொண்டேன் என்று நினைத்துச் சந்தோஷமாகப் போனான்.

இனி ஊறல் தொட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊறல் பொங்கி அடங்கும்போது கெட்ட காற்று ஒன்று வரும். காற்றைவிடக் கனமானது. ஊறலை வெளியேற்றிய பிறகும் தொட்டியின் அடியில் அப்படியே கிடக்கும். ஆள் இறங்கித் தேய்த்துக் கழுவுவதற்கு முன்னால், மேலே நிற்பவன் எரியும் மெழுகுவர்த்தியைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும். அணைந்தால் "புளிப்பு" என்போம். நல்ல காற்றை உள்ளே ஊதக் காற்றுக் குழாயைப் போட்டு, இடுப்பில் கயிறு கட்டித்தான் அப்புறம் இறங்குவது. அணையாமல் எரிந்தால் "இனிப்பா இருக்கு, இறங்கு" என்போம். இந்த வார்த்தையை வேறு எதற்கும் கொட்டகைக்குள் சொல்லமாட்டோம், விளையாட்டுக்குக்கூட. சொன்ன பிறகு கீழே இறங்குபவன் எட்டிப் பார்ப்பதும் கிடையாது, கயிறு கட்டுவதும் கிடையாது. பார்த்தால், கூடப்பிறந்தவனை நம்பவில்லை என்று அர்த்தம். கெட்ட காற்றின் அளவு பார்க்க அரசாங்கத்தார் கொடுத்த கருவி சுவரில் தொங்கியது. அதன்மேல் என் தொப்பியை மாட்டி வைத்திருந்தேன்.

வியாழக்கிழமை காலையில் துடைப்பத்தோடு வந்தான்.

"கடைசித் தடவை உன் தொட்டியக் கழுவித் தரேன். அப்புறம் நீயே குனிஞ்சு தேய்ச்சுக்க, கிழவா."

மெழுகுவர்த்தி விளிம்பைத் தாண்டிக் கொஞ்சம் இறங்கியதும் அணைந்துவிட்டது. அவன் பூட்ஸ் மாட்டிக்கொண்டு இருந்தான். நான் மெழுகுவர்த்திக் கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டு, "இனிப்பா இருக்கு, இறங்கு" என்றேன்.

நான் நினைத்தது இதுதான். மயங்குவான். மேலே இழுத்துவிடுவேன். ஒரு மாதம் படுக்கையில் கிடப்பான். படகு போய்விடும். அதற்குள் குளிர் வந்துவிடும், கர்ப்பிணியைக் கூட்டிக்கொண்டு யார் அவ்வளவு தூரம் போவார்கள்? கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. சீட்டியடித்துக்கொண்டே ஏணியில் இறங்கினான். சீட்டி நின்றது. உடனே இழுத்தால் வெறும் தலைவலியோடு போய்விடும் என்று கொஞ்சம் பொறுத்தேன். பிறகு கயிற்றுக்குக் கை நீட்டியபோதுதான் அவன் கயிறு கட்டவில்லை என்பது உறைத்தது. இனிப்பு என்று சொன்னது நான்தானே. எங்கள் வீட்டு வழக்கம் எனக்கே மறந்துவிட்டது ஐயா.

எஃபி வெளியே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கூப்பிடவில்லை. கூப்பிட்டால் குதித்திருப்பாள், வயிற்றுப் பிள்ளைக்காரி. நான் இறங்கினால் நானும் போயிருப்பேன். இந்த இரண்டையும் அன்றே உங்களிடம் சொன்னேன், நீங்களும் சரி என்றீர்கள். சொல்லாதது இன்னொன்றும் இருக்கிறது. காற்றுக் குழாய் என் காலடியில் கிடந்தது. திருகைத் திறந்து உள்ளே போட்டால் போதும். கையில் எடுக்கவும் எடுத்தேன். அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. இவன் கண் விழித்தால் நான் பொய் சொன்னது தெரிந்துவிடும். தெரிந்தால் எப்படியும் போய்விடுவான். போனால் திரும்பி வரவே மாட்டான். குழாயைக் கீழே வைத்துவிட்டு ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தேன். அழுதேன். நன்றாக அழுது முடித்த பிறகுதான் ஆட்களைக் கூப்பிட்டேன்.

வயலைப் பார்த்த மேட்டில்தான் புதைத்தோம். தினமும் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வருவேன். எஃபி என்மேல் இரக்கப்பட்டு இங்கேயே தங்கிவிட்டாள். குளிரில் பையன் பிறந்தான். லாக்லனின் காது அப்படியே. இரவில் அழுதால் அவள் எழுந்து வருவதற்குள் நான் தூக்கிவிடுவேன். நேற்றுக் காலையில் அவள் சாப்பாட்டு மேசையில் கஞ்சியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"மாமா, நான் பையனக் கூட்டிக்கிட்டு எங்க அம்மா வீட்டுக்குப் போறேன்."

"யாராவது ஏதாவது சொன்னாங்களாம்மா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. யார் மேலயும் தப்பு இல்ல பாருங்க, அதுதான் என்னால தாங்க முடியல. ஒருத்தர் மேல தப்புன்னு இருந்தா, அவங்களத் திட்டியாவது இங்கயே கிடந்திருப்பேன். சும்மா, ஒண்ணுமில்லாததுக்குச் செத்துப்போனாரு. ஒண்ணுமில்லாததுக்கு."

ராத்திரி முழுக்க யோசித்தேன். அவள் சொல்வது தப்பு. ஒன்றுமில்லாததற்கு அவன் சாகவில்லை. இந்த வீட்டில் அவன் எவ்வளவு வேண்டியவனாக இருந்தான் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை, அதுதான் குறை. அதனால்தான் விடிந்ததும் உங்களுக்குப் போன் செய்தேன்.

மாடியில் சத்தம் கேட்கிறதல்லவா, பெட்டி கட்டுகிறாள். படகுக்கு இன்னும் நேரமிருக்கிறது. நான் சொல்லி நீங்கள் எழுதிக்கொண்டதை ஒன்று விடாமல் அவளுக்குப் படித்துக் காட்டுங்கள் ஐயா. அவள் மூட்டை கட்டிய தொட்டில் துணியை நான் மறுபடி பிரித்து வைத்துவிடுகிறேன். இதைக் கேட்ட பிறகு அவள் போகமாட்டாள்.