ரெண்டாவது முள்ளு

இல்ல, அந்த அடையாள அட்டையை இன்னொரு தடவை காட்டுங்க. விசாரணைக் கமிட்டிங்கறீங்க, சரி. அப்புறம் ஏன் வண்டியைத் தெருமுனையிலயே விட்டுட்டு நடந்து வந்தீங்க? என் வாயைப் பிடுங்கிட்டு வரச் சொல்லி மேனேஜர் அனுப்பினாரா? கோவிச்சுக்காதீங்க. போன வாரம் ஒருத்தர் பத்திரிகைன்னு சொல்லிட்டு வந்து உக்காந்தாரு. கடைசியில பாத்தா எங்க ஆபீஸ் ஆளு.

ஆமா, அணு உலை கன்ட்ரோல் ரூம்ல நான் ஆபரேட்டர். பட்டனை அமுக்கி உலையை நிறுத்தினதும் நான்தான். ஒளிக்கலையே. பொம்பளை பயந்துபோய் அமுக்கிட்டான்னு இப்ப பேச்சு.

உலை எப்படி ஓடுதுன்னு தெரியுமா உங்களுக்கு? தெரியாதா? பின்ன எதைங்க விசாரிப்பீங்க? ஒரு அணு உடைஞ்சா ரெண்டு மூணு நியூட்ரான் தெறிக்கும். அத்தனையும் போய் உடைக்கக் கூடாது. சிலது வெளிய ஓடிடும், சிலதை நாங்க இறக்குற கம்பி முழுங்கிடும். மிச்சம் ஒண்ணே ஒண்ணு, தண்ணியில மோதி மோதி வேகம் அடங்கி, அடுத்த அணுவை உடைக்கணும். அதுலேருந்து இன்னொண்ணு. இப்படிப் போனாத்தான் உலை சீரா ஓடும். ஒண்ணுக்குக் குறைஞ்சா அணைஞ்சுடும். கூடினா, ஒண்ணு ரெண்டாகும், ரெண்டு நாலாகும். கரணம் தப்பினா மரணம்தான்.

அன்னிக்குக் கம்பி இருந்த இடத்துலயே இருக்கு, ஆனா நியூட்ரான் அளவைக் காட்டற ஒரு மீட்டர்ல முள்ளு மெதுவா ஏறுது. சூப்பர்வைசர்கிட்டச் சொன்னேன். மீட்டர் பழுது, தொடாதேன்னாரு. அளவு தாண்டினா உலை தானா நின்னுக்கும்னாரு. அவருக்கென்ன, உலை நின்னா வரவேண்டிய பதவி உயர்வு நின்னுடும். அதே அளவைத் தனியா காட்டற பக்கத்து மீட்டரைப் பாத்தேன். அதுலயும் முள்ளு ஏறுது. ரெண்டுமா ஒரே நேரத்துல பழுதாகும்? அமுக்கிட்டேன்.

மறுநாள் போனா ரெண்டு மீட்டரும் புத்தம்புதுசா மின்னுது. பழசு எங்கன்னு கேட்டா, குப்பைக்குப் போயிடுச்சாம். யாரும் வந்து சோதிக்கறதுக்குள்ள எதுக்குங்க அவ்வளவு அவசரம்?

மாத்தினது யாரா? அதே சூப்பர்வைசர்தான். இல்ல, அவரைப் பாக்க ஆபீஸ் வரைக்கும் அலைய வேண்டாம். அதோ, அந்த உள்ரூம் கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டுட்டுத்தான் இருக்காரு. என் வீட்டுக்காரர்தான். நான் கூப்பிடட்டுமா, இல்ல நீங்களே தட்டறீங்களா?