முகத்துவாரம் மூடியிருந்தது

"விடுங்க! வள்ளத்தக் கடலுக்கு விடுங்க!"

கத்துவது நான். ஆனி மாதம். வெள்ளிக்கிழமை. பின்னேரம் நாலரை. ஷெல் முதலில் விசிலடிக்கிறது. பிறகு ஒரு கணம் சத்தமே இல்லை. பிறகு தரை உதைக்கிறது. மட்டக்களப்பில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே வாவி, கடலில் போய்ச் சேரும் பெரிய நீர்ப்பரப்பு. வள்ளத்தில் நானும் என் கணவரும். வயிற்றில் ஏழு மாதப் பிள்ளை.

அவர் புவியியல் வாத்தியார். "ஆனியில முகத்துவாரம் மூடிக் கிடக்கும் புள்ள. தெற்கால போவம்," என்றார்.

"உங்கட பாடத்தப் பள்ளிக்கூடத்துல வச்சுக்கொள்ளுங்க!" என்றேன். அவர் கோபிக்கவில்லை. முகத்துவாரம் இருக்கும் வடக்கே திருப்பினார்.

அகதியாய் வந்து பல வருஷம். இன்று திருச்சியில் ஓர் அலுவலகம். எடமலைப்பட்டி புதூரிலிருந்து மூன்றாம் தடவை பஸ் ஏறி வந்திருக்கிறேன். மகளின் குடியுரிமை மனுவில் அப்பா இறந்த இடம் எழுத வேண்டும். அது சரியில்லை என்று இரண்டு தடவை திருப்பிவிட்டார்கள்.

"கடல்லயா, கரையிலயா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கம்மா," என்கிறார் எழுத்தர்.

"ரெண்டும் இல்ல தம்பி. முகத்துவாரத்து மணல்ல."

"துறைமுகம்னு வேற எழுதியிருக்கீங்க. மேப்புல ஏரிதானேம்மா காட்டுது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. துறைமுகம்தான் ஐயா. பெரிய கப்பல் வெளியே நிற்கும். சிறு படகு முகத்துவாரம் வழியாக வாவிக்குள் வரும். அதற்காகத்தானே உள்ளே தீவில் ஒல்லாந்தர் கோட்டை? மழைக்கு வழி திறக்கும். வெயிலில் கடல் மணலைத் தள்ளி மூடிவிடும். இதை எத்தனை தடவை சொல்வது! ஸ்ரீரங்கத்தைச் சுற்றி ஆறு ஓடுகிறது என்று இவருக்கு யாராவது நிரூபிக்கச் சொல்கிறார்களா?

மூடித்தான் கிடந்தது. கப்பலுக்கு விளக்குக் காட்டும் வெளிச்சவீட்டுப் பக்கம் வள்ளம் மணலில் ஏறி நின்றது. அந்தப் பக்கம் கடல் தெரிந்தது. அவர் இறங்கிக் கயிற்றைப் பிடித்து இழுத்தார். விசில். "படு புள்ள! படு!" பிறகு அந்தச் சத்தமில்லாத கணம். நான் படுத்தேன். அவர் கயிற்றை விடவில்லை.

"கடல்னு போட்டுடவாம்மா? இன்னிக்கே வேலை முடிஞ்சிரும்."

"வேணாம். மணல்னு எழுதுங்க. கட்டத்துல இடம் இல்லாட்டி ஓரத்துல எழுதுங்க."

"அப்ப சாரைக் கேக்கணும். திங்கக்கிழமை வாங்க."

மகள் வெளியே காத்திருக்கிறாள். அவளுக்கு என்மேல் கோபம் வரும். வரட்டும். கடல் என்று எழுதினால் அன்று வழி திறந்திருந்தது என்று ஆகிவிடும். நான் கத்தியது சரி என்று ஆகிவிடும்.

போனவை: ஒரு வீடு. ஒரு வள்ளம். சுவரில் மாட்டியிருந்த நான்கு தேசப்படங்கள். ஒரு ஆள். தங்கராசா, வயது முப்பத்தொன்று, புவியியல் வாத்தியார். அவர் சொன்னதுதான் சரி.