மூன்றாம் தடத்து விளக்கு

பல்பைச் சுவிட்சுக்கு முன்னால் இணைக்கக் கூடாது, பின்னால்தான் இணைக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். முன்னால் இணைத்தால், தடத்தில் மின்சாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கும். அப்புறம் அது எதற்கு? இதையெல்லாம் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம், இன்ஸ்பெக்டர். ஆனால் மேலே ‘பொம்மை ரயில்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் அடித்துவிடுங்கள். மாதிரி ரயில்.

எங்கள் மன்றம் க்ரூ நகரத்தில் ஒரு சர்ச் கூடத்தில், செவ்வாய்க்கிழமை மதியங்களில் கூடும். முப்பதடி மேசையின் மேல் ஒரு ரயில் நிலையம். அதை ஒட்டி, எஞ்சின்களை நிறுத்திவைக்க ஆறு பக்கத் தடங்கள். தடத்துக்கு ஒரு பொத்தான், ஒரு சிவப்பு விளக்கு. ஒருமுறை அழுத்தினால் மின்சாரம் வரும், மறுமுறை அழுத்தினால் நிற்கும். பொத்தானைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, விளக்கைத்தான் நம்ப வேண்டும். அத்தனைக்கும் ஒயர் இழுத்தவன் நான். பலகைக்கு முன்னால் உட்கார்ந்து ரயில் விட்டவன் கிளெமென்ட் ஹாஸ்வெல். பத்தொன்பது வருஷமாக இப்படித்தான்.

நல்ல மனுஷன். அதை நான் எங்கேயும் மறுத்ததில்லை. போன வருஷம் ஈஸ்டர் கண்காட்சியில் ஓர் அம்மாள் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்து, இவ்வளவு நேர்த்தியாக ஒயர் இழுத்தது யார் என்று கேட்டார். “நம்ம டென்சில்தாம்மா. எப்பவும் அடியிலதான் கிடப்பான். ஒரு பிஸ்கட்டைக் காட்டுங்க, வெளிய வந்துடுவான்,” என்றான் கிளெமென்ட். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். பிஸ்கட்டைக் காட்டினால் வருவது நாய்தானே.

அடுத்த செவ்வாய், மேசைக்கு அடியில் மூன்றாம் தடத்துக்கு இன்னொரு பொத்தான் வைத்தேன். அரைமணி நேர வேலை. கிளெமென்ட் மூன்றை அணைத்துவிட்டுத் தேநீர் எடுக்கப் போவான். நான் கீழே அழுத்துவேன்.

“கிளெமென்ட், மூணு எரியுதுப்பா.”

“அணைச்சேனே.”

“வந்து பாரேன்.”

முதலில் சிரித்தான். ஜூன் வாக்கில், அணைக்கும்போது “மூணு அணைச்சாச்சு” என்று வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்தான். ஆகஸ்டில் ஒரு நோட்டுப் புத்தகம் வந்தது. அணைத்த நேரத்தை அதில் எழுதிவைப்பான். எழுதி முடிக்கட்டும் என்று காத்திருந்து அழுத்துவேன். திரும்பி வந்து தன் கையெழுத்தைப் பார்ப்பான், விளக்கைப் பார்ப்பான். விளக்கைத்தான் நம்பினான். அந்த நோட்டைப் பிறகு அவன் கொண்டுவரவில்லை.

பஸ் நிறுத்தம் வரை வந்துவிட்டு, அடுப்பை அணைத்தோமா என்று பார்க்க வீட்டுக்குத் திரும்புகிறான் என்று கேள்விப்பட்டேன். அது என் வேலை இல்லை. அவன் வீட்டு அடுப்பை நான் தொட்டதே கிடையாது.

அவன் மகள் ஜில்லியன் ஒருநாள் கூடத்துக்கு வந்தாள். “அங்கிள், அப்பா இங்க எப்படி இருக்காங்க? என்கிட்ட மறைக்காதீங்க.” எரிந்துகொண்டிருந்த விளக்கைக் காட்டினேன், அவ்வளவுதான். அழுதாள். அந்த வாரமே கார் சாவியை வாங்கி வைத்துக்கொண்டாள். அக்டோபரில் அவன் வீட்டை விற்று, தன் வீட்டுப் பின்னறைக்கு அவனைக் கூட்டிப்போனாள். மன்றத்தில் அவன் நாற்காலியை எனக்குக் கொடுத்தார்கள். நான் விட்டவரை ரயில்கள் நேரத்துக்கு ஓடின.

மேசையைப் பிரித்து வண்ணம் அடிக்கும்போது செயலாளர் ஃபில்லிஸ்தான் என் பொத்தானுக்குப் போன ஒயரைக் கண்டாள். எந்த ஒயராக இருந்தாலும் பெயர்ச் சீட்டு கட்டிவிடுவேன். சீட்டில்லாத ஒயரை விட்டுவைத்தால் எனக்குத் தூக்கம் வராது. அதிலும் கட்டியிருந்தேன், ‘கிளெமென்ட்’ என்று. அதைத்தான் உங்களிடம் கொண்டுவந்திருக்கிறாள்.

மாத்திரை விஷயம் எனக்குப் பிறகுதான் தெரியும். அவனுடையது நாளுக்கொரு கட்டமாகப் பிரித்த பெட்டி. திங்கள் கட்டம் காலியாக இருக்கிறது, ஆனால் திங்கள் மாத்திரையைப் போட்டதாக அவனால் நம்ப முடியவில்லை. தவறிப்போய் நேற்றே எடுத்திருப்போம் என்று செவ்வாயையும் போட்டிருக்கிறான், அப்புறம் புதனையும். இதயத்துக்கான மாத்திரைகள். ஜில்லியன் வேலையிலிருந்து வந்தபோது நாற்காலியிலேயே உயிர் போயிருந்தது.

அதற்கு முந்தைய வாரம் போய்ப் பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. “வயசானா அப்படித்தான்னு எல்லாரும் மழுப்புறாங்க டென்சில். நீ ஒருத்தன்தாம்ப்பா ஒவ்வொரு தடவையும் உள்ளதைச் சொன்னே.”

பொத்தானை அழுத்தியவன் நான்தான். நாற்பத்தோரு முறை. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ சொல்லுங்கள், போடுகிறேன். ஆனால் ஏமாற்றினேன் என்று மட்டும் எழுதாதீர்கள், இன்ஸ்பெக்டர். விளக்கு எரிகிறது என்றுதான் அவனிடம் சொன்னேன். எரிந்துகொண்டுதான் இருந்தது.