மாமிக்குச் சொல்ல வேண்டியது

வெள்ளவத்தையில் பஸ் ஏறி கொட்டாஞ்சேனைக்குப் போய்க்கொண்டிருந்தேன். எனக்கு முன் இருக்கையில் முப்பது வயது கடந்த ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். அவள்தான் தொடங்கினாள்.

"எனக்குப் பிள்ளைப் பாக்கியம் இல்லையெண்டு மாமி ஊரெல்லாம் சொல்லிப்போட்டா. இண்டைக்கு வந்த உங்கட ரிப்போர்ட்டை ஆர் அவவுக்குச் சொல்லுறது?"

"நான்தான் சொல்லோணும்."

"டொக்டர் சொன்ன மாதிரியே சொல்லுங்கோ."

"ஓம். விந்தணு குறைவு, இருக்கிறதுக்கும் வேகம் காணாது. இவ்வளவு காலமும் பத்தின சிகரெட்தான் பெரிய காரணமா இருக்கும். அதை விட்டுப்போட்டு மூண்டு மாசத்தால திரும்பச் செக் பண்ணோணும்."

"எனக்கு ஒரு குறையும் இல்லையெண்டதையும் சேருங்கோ."

பம்பலப்பிட்டி தாண்டியதும் அவனுடைய போன் அடித்தது. தாய்தான். வாயைக் கையால் மறைத்துக்கொண்டு மெல்லச் சொன்னான். பஸ் இரைச்சலில் தாய்க்குக் கேட்கவில்லை போலும்.

"பிலத்துச் சொல்லுங்கோ," என்றாள் மனைவி.

அவன் கையை எடுத்தான். "அம்மா, குறை என்னிலதான். சிகரெட்டால வந்தது. அவவில ஒரு பிழையும் இல்லை."

கொண்டக்டர் உட்பட நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவன் குரலைத் தாழ்த்தாமல் இன்னொரு முறையும் சொன்னான். சற்று நேரம் கேட்டுவிட்டு, போனை மனைவியிடம் நீட்டினான்.

"உம்மோட கதைக்கோணுமாம்."

அவள் உடனே வாங்கவில்லை. கொள்ளுப்பிட்டியில் பஸ் நின்று புறப்பட்ட பிறகுதான் காதில் வைத்தாள்.

"சொல்லுங்கோ மாமி."

வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அழாதேங்கோ மாமி," என்றாள். "பின்னேரம் வீட்டை வந்து கதைக்கிறன்."