ஓக் தூணில் நான்கு ஓட்டைகள்

இந்த வீட்டு வாசல் நிலை கொஞ்சம் தாழ்வு, ஐயா. உங்களுக்கு முன்னால் வந்த போலீஸ்காரரும் தலையை இடித்துக்கொண்டார். ஈரத்துணி தரட்டுமா?

எங்கள் கிராமத்தில் வைக்கோல் கூரை வீடுகள் இன்னும் சில இருக்கின்றன. உள்ளே எதுவும் மாறாமல் இருப்பது இது மட்டும்தான். ஓக் மரச் சட்டம், நடுவில் குச்சிப் பின்னல், அதன்மேல் மண்ணும் சாணமும் குழைத்துப் பூசிய சுவர். கணப்படுப்பை ஒட்டி வளைந்து ஏறுகிற படியை ஒரே ஒரு தூண்தான் தாங்குகிறது. முந்நூறு வருஷத் தூண். அதில் இரும்பே கிடையாது, எல்லாம் மர ஆப்பு.

அக்கா ஹில்டாவும் நானும்தான் இங்கே இருந்தோம். இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. போன வருஷம் அவளுக்குப் பார்வை மங்கிவிட்டது. நான் சந்தைக்குப் போயிருந்தபோது தச்சரை வரவழைத்து, தூணில் பித்தளைக் கைப்பிடி ஒன்றை மாட்டிவிட்டாள்.

"அரசாங்கம் பாதுகாக்கிற வீடு அக்கா இது. அனுமதி இல்லாம ஓட்டை போடலாமா?" என்றேன்.

"கவுன்சில்ல கேட்டுட்டேன்டா. தாராளமா போடுங்கம்மான்னுட்டாங்க."

"தூணுக்கு என்ன வயசு தெரியுமா?"

"எனக்கு என்ன வயசுன்னு தெரியுமாடா, மரமண்டை? தூண் ஆடுனா ஆப்பு வைக்கலாம். நான் விழுந்தா எங்கடா ஆப்பு வைப்ப? டீ ஆறுது, குடி."

நான் கோபப்படவில்லை. நான் கோபப்படுகிறவன் இல்லை, யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

பிறகு வரலாற்றுச் சங்கத்து மிஸஸ் பாஸ்கோம் வீட்டைப் பார்க்க வந்தார். கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "தோட்டத்துல ரோஜா நல்லா பூத்திருக்கே" என்றார். வீட்டைப் பார்க்க வந்தவர் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் ரோஜாவைப் பாராட்டினால், எங்கள் ஊரில் அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. உங்களுக்கே தெரியும்.

மறுநாள் காலை அக்கா மாடியில் படுக்கை விரித்துக்கொண்டிருந்தாள். நான் கைப்பிடியைக் கழற்றினேன். தேன்மெழுகில் ஓக் தூளைக் கலந்து ஓட்டைகளை அடைத்தேன். கடைசி ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தபோது அவள் இறங்க வந்தாள். சாப்பாட்டு நேரத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன்.

மேல்படியில் நின்று காற்றைத் தடவினாள். அவள் கை எதைத் தேடுகிறது என்று எனக்குத் தெரியும். அது என் கையில்தான் இருந்தது.

"ரோலண்ட், கீழ இருக்கியாடா?" என்றாள்.

என் வாயில் ஸ்க்ரூக்கள் இருந்தன. துப்பிவிட்டுப் பதில் சொல்லியிருக்கலாம், ஒத்துக்கொள்கிறேன். கீழே கல் தளம். இடுக்கில் போனால் எடுக்க முடியாது. மெழுகும் இறுகிக்கொண்டிருந்தது. அவள் இன்னொரு முறை கூப்பிட்டாள். யாரும் இல்லை என்று நினைத்துக் காலை எடுத்து வைத்தாள்.

தலையைத் தூணில் மோதிக்கொண்டுதான் அவள் கீழே வந்து விழுந்தாள். நான் உடனே ஓடினேன், ஐயா. அதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

நல்லவேளை, தூணில் ஒரு கீறல்கூட இல்லை.